மூன்றாவது ஆட்டம்

(பண்டமாரானில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று டென்னிஸைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "ஏன் தம்பி, அது காசுள்ளவன் வெளையாட்டாச்சே, நம்ம ஊருக்கு வந்து காற்பந்தைப் பத்திப் பேசக்கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு அங்கேயே பதில் சொல்லாமல் மண்டபத்துக்குள் வரச் சொன்னேன். வந்திருக்கிறார். ஐயா, இந்தப் பேச்சு முழுவதும் உங்களுக்கான பதில்தான்.

என் தலைப்பு இதுதான்: பல நாடுகள் கூடும் விளையாட்டுப் பெருவிழாக்களில், குறிப்பாக ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்கள் டென்னிஸ் குழுப் போட்டி. விம்பிள்டன் நமக்குத் தெரியும். கோப்பையைத் தூக்கி முத்தமிடும் தனி மனிதனைத் தெரியும். ஆனால் டென்னிஸில் ஒரு நாடு அணியாக இறங்கி, அணியாக வென்று, அணியாகத் தோற்கும் ஆட்டம் ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியும், வேறொரு பெயரில். 1992ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். நெகாரா அரங்கம். தோமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியாட்டம். எதிரே இந்தோனேசியா. அன்று இந்த நாட்டில் தொலைக்காட்சி இருந்த வீடெல்லாம் அரங்கம்தான். மலேசியா 3-2 என்று வென்றது. அந்த ஐந்து ஆட்டங்களையும் ஒரே ஆள் ஆடவில்லை. ரஷிட் சிடேக் மட்டும் ஜெயித்திருந்தால் கிண்ணம் வந்திருக்குமா? ராசிப்பும் ஜலானியும் மட்டும் ஜெயித்திருந்தால் வந்திருக்குமா? இரண்டு ஆட்டக்காரர்கள் தோற்றும் நாடு ஜெயித்தது. குழுப் போட்டியின் சூட்சுமமே அந்த 3-2 என்ற கணக்கில்தான் இருக்கிறது.

டென்னிஸுக்கு வருவோம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் டென்னிஸ் 1958இல் தோக்கியோவில் நுழைந்தது. நம் காலத்தில் குழுப் போட்டி நடந்த விதம் மிக எளிது. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே மூன்று ஆட்டங்கள்: இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். மூன்றில் இரண்டை வென்ற நாடு அடுத்த சுற்றுக்குப் போகும். ஒற்றையர் இரண்டும் ஆளுக்கொன்று என்று ஆகிவிட்டால், மூன்றாவது ஆட்டம்தான் தீர்ப்பு. அந்த மூன்றாவது ஆட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் களத்தில் நிற்பவர்கள் இரண்டு பேர். வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடிய முதல் ஆட்டக்காரரே திரும்பவும் இறங்கலாம், அல்லது காலையிலிருந்து துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான்காவது ஆளை இறக்கலாம். யாரை இறக்குவது என்று தலைவர் முடிவு செய்யவேண்டும். அந்த மூன்றாவது ஆட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

1994, அக்டோபர் மாதம், ஜப்பானின் ஹிரோஷிமா. அந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவ்வளவு பெரிய நாடான இந்தியா மொத்தம் எத்தனை தங்கம் வாங்கியது தெரியுமா? நான்கு. துப்பாக்கி சுடுதலில் ஒன்று, கபடியில் ஒன்று. மீதி இரண்டும் டென்னிஸ். ஒன்று ஆண்கள் இரட்டையர், இன்னொன்று ஆண்கள் குழு. இரட்டையர் தங்கத்தை வென்றவர்கள் லியாண்டர் பயஸும் கௌரவ் நாட்டேக்கரும். குழுத் தங்கத்தின் தூண்களும் அவர்களே. அதே போட்டியில் ஒற்றையரில் பயஸுக்குக் கிடைத்தது வெண்கலம். கவனியுங்கள்! தனியாக நின்றபோது மூன்றாமிடம், பக்கத்தில் ஒரு தோழன் நின்றபோது முதலிடம்.

இந்த இரண்டு இளைஞர்களும் எங்கிருந்து வந்தவர்கள்? கௌரவின் தந்தை நந்து நாட்டேக்கர். இந்தப் பெயரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்கக்கூடாது. 1956ஆம் ஆண்டு, நம் மெர்டேக்காவுக்கு ஓர் ஆண்டு முன்னால், கோலாலம்பூரில் நடந்த சிலாங்கூர் அனைத்துலகப் பூப்பந்துப் போட்டியில் வென்றவர் அவர். வெளிநாட்டு மண்ணில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பூப்பந்து வீரர் என்று அவரை எழுதுகிறார்கள். அந்த மண் நம் மண். அப்பா இங்கே தனியாக வென்றார், மகன் ஹிரோஷிமாவில் குழுவோடு வென்றார்.

பயஸின் தந்தை வீஸ் பயஸ் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். தாயார் கூடைப்பந்து ஆட்டக்காரர். குழு விளையாட்டு வீட்டிலேயே புழங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளை கல்கத்தாவில் பிறந்தாலும் டென்னிஸ் படித்தது எங்கே? மதராஸில். 1985இல் அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். சேத்துப்பட்டில் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே ஆடினார். 1990இல் விம்பிள்டன் இளையோர் பட்டம். அந்தப் பயிற்சிக்கூடத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், அசோக் அமிர்தராஜ் மூவரும் உலகம் சுற்றிச் சம்பாதித்தவர்கள். சம்பாதித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் பையன்களைக் கூட்டிவந்து சோறு போட்டு, படிக்கவைத்து, மட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஹிரோஷிமா தங்கத்தில் மதராஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, இனி ஒரு தோல்வியைப் பார்ப்போம். வெற்றியைவிட அது நமக்கு அதிகம் சொல்லும்.

2010, குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் படித்த சோம்தேவ் தேவ்வர்மன் அந்த ஆண்டு ஆசியாவையே ஆட்டிவைத்தார். ஒற்றையர் இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமினை 6-1, 6-2 என்று வீழ்த்தினார். அது போட்டியா, பாடம் நடத்தலா என்று கேட்கும்படி இருந்தது. சனம் சிங்குடன் சேர்ந்து இரட்டையரிலும் தங்கம். ஆக, ஒற்றையரில் ஆசியாவின் முதல் ஆள் இந்தியாவில், இரட்டையரில் முதல் ஜோடியும் இந்தியாவில். அப்படியானால் குழுப் போட்டியில் தங்கம் யாருக்கு? இந்தியாவுக்குத்தானே?

இல்லை! சோம்தேவ், சனம் சிங், விஷ்ணு வர்தன், கரண் ரஸ்தோகி என்ற நால்வர் அணிக்குக் கிடைத்தது வெண்கலம். தங்கம் சீன தைபேவுக்கு. ஒற்றையர் இறுதியில் அடிவாங்கிய இஸ்டோமினின் உஸ்பெகிஸ்தான் வெள்ளியோடு வீட்டுக்குப் போனது.

இது எப்படி நடக்கும்? இப்படித்தான் நடக்கும். உங்கள் அணியில் ஒரு சூரன் இருக்கலாம். ஒற்றையரில் அவன் ஓர் ஆட்டத்தைத்தான் ஜெயித்துத் தரமுடியும். இன்னொரு ஒற்றையர் ஆட்டத்தை யார் ஜெயிப்பது? அதில் தோற்றால் மூன்றாவது ஆட்டம். அங்கே களைத்த உடம்போடு இறங்குவது யார்? முதல் ஆளைப் பார்த்து நாட்டை எடைபோடுவது பத்திரிகைக்காரர்கள் செய்கிற வேலை. ஓர் அணியின் உண்மையான எடை அதன் இரண்டாவது ஆளிலும் நான்காவது ஆளிலும் இருக்கிறது.

இரட்டையர் ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்ததுண்டா? தொலைக்காட்சியில் அது பாதிதான் தெரியும். ஒருவர் பின்னால் நின்று சர்வ் போடப்போகிறார். துணைவர் வலைக்கு அருகில் குனிந்து நிற்கிறார், முகம் எதிராளியைப் பார்த்தபடி. ஆனால் அவருடைய ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விரல்களால் சைகை காட்டுகிறார். கையை மூடினால் ஓர் அர்த்தம், விரித்தால் ஓர் அர்த்தம்: நான் குறுக்கே பாய்வேன், அல்லது என் இடத்திலேயே நிற்பேன். சர்வ் போடுகிறவர் அதைப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பந்தை மேலே எறிகிறார். இவர் பாய்ந்து விட்டுப்போன இடத்தை அவர் ஓடிவந்து அடைக்கவேண்டும். அடைக்கவில்லை என்றால் பாய்ந்தவர்தான் முட்டாளாகத் தெரிவார். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை. வகுப்பில் முதலிடம் வாங்கும் பிள்ளைக்கும் அது தானாக வருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணப் போட்டிகளில் டென்னிஸ் ஆட்டக்காரனைப் போலத் தனியான ஆள் கிடையாது. பயிற்றுநர் கூட நீண்ட காலம் மேலே, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துதான் பார்க்கவேண்டியிருந்தது, வாய் திறக்க அனுமதி இல்லை. குழுப் போட்டியில் மட்டும் தலைவர் களத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கம் மாறும்போது கிடைக்கிற ஒன்றரை நிமிடத்தில் தண்ணீர் கொடுப்பார், காதில் ஏதோ சொல்வார், சில நேரம் ஒன்றுமே சொல்லாமல் தோளில் கை வைப்பார். பின்னால் பெஞ்சில் மற்ற ஆட்டக்காரர்கள் நின்றுகொண்டே கத்துவார்கள்.

இப்படி அணிக்காக ஆடுவது எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு டேவிஸ் கிண்ணத்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன். அது பல விளையாட்டுகள் கூடும் விழா அல்ல, டென்னிஸுக்கு மட்டுமே உரிய நாடுகளின் போட்டி. ஆசியக் குழுப் போட்டிக்கு அது மூத்த அண்ணன். அங்கே நம் ஆள் ஒருவர் செய்ததைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை.

நாகர்கோவிலில் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். அப்பாவிடமே ஆட்டம் கற்றார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1966 டிசம்பரில் கல்கத்தா சவுத் கிளப்பில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. வென்றால் டேவிஸ் கிண்ண இறுதியாட்டம். கணக்கு 2-2. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக்குக்கும். முதல் செட் கோக்குக்கு, இரண்டாவது கிருஷ்ணனுக்கு, மூன்றாவது 12-10 என்று மறுபடியும் கோக்குக்கு. நான்காவது செட்டில் கோக் 5-2 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம், பிரேசில் இறுதிக்குப் போய்விடும். கூட்டத்தில் பலர் செருப்பைத் தேடியிருப்பார்கள். அங்கிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்தார். 7-5. ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிக்குப் போனது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒன்று எது? இரட்டையர்! கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், 1965 விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்ப், ரோச் ஜோடியை அவர்கள் ஊரிலேயே, முதல் செட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்து வீழ்த்தினார்கள். ஒற்றையரில் யானையோடு மோத முடியாத நாடு, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் யானையைச் சாய்க்கலாம் என்று காட்டிய நாள் அது.

அடுத்த தலைமுறையில், 1987இல், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் சிட்னியில் கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை மறுபடியும் இறுதிக்குக் கொண்டுபோனார். விஜய் அமிர்தராஜ் அந்த அணியில் ஆடினார். சுவீடனிடம் தோற்றார்கள். அதை விடுங்கள். அதற்கும் முன்னால் 1974இல் ஒரு டேவிஸ் கிண்ண இறுதி இருந்தது, அதில் பந்தே அடிக்கவில்லை. எதிர் நாடு நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் தானாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அமிர்தராஜ் சகோதரர்களின் உச்ச காலம் அது. ஆடியிருந்தால் வென்றிருக்கக்கூடிய கிண்ணம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தன் பெயரில் வரவேண்டிய கிண்ணத்தை விட்டுக்கொடுக்க ஒருவன் எப்போது சம்மதிப்பான்? தனக்காக மட்டும் ஆடாதபோதுதான். என்னைக் கேட்டால், இந்திய டென்னிஸ் ஆடிய மிகச் சிறந்த இறுதியாட்டம் ஆடாத அந்த ஆட்டம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வருத்தமான செய்தி. 2018இல் ஜகார்த்தாவிலும் பாலெம்பாங்கிலும் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. டென்னிஸில் ஐந்து பிரிவுகள்: ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், ஆண் இரட்டையர், பெண் இரட்டையர், கலப்பு இரட்டையர். குழுப் போட்டி இல்லை. அடுத்து ஹாங்சோவிலும் இல்லை. சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் பாலெம்பாங்கில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். ஹாங்சோவில் சென்னை ராம்குமார் ராமநாதன், சாகேத் மைனேனியோடு இரட்டையர் வெள்ளி வாங்கினார். பெருமைதான். ஆனாலும் பெஞ்சில் நின்று கத்த நான்காவது ஆள் இல்லை. அவனுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1990களில் நம் தேசிய டென்னிஸ் அணியில் ஆடம் மாலிக்கோடு ராமச்சந்திரன் ஆடினார். நம்மிலிருந்து ஆட்டக்காரர்களும் வந்தார்கள், பயிற்றுநர்களும் வந்தார்கள். ஜாலான் டூத்தாவில் தேசிய டென்னிஸ் நடுவம் இருக்கிறது, 2017 சீ போட்டி டென்னிஸ் அங்கேதான் நடந்தது. 2009 முதல் 2015 வரை புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கத்தில் நடந்த போட்டிக்கு உலக ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். டேவிடென்கோ வந்தார், நிஷிகோரி வந்தார், ஃபெரர் வந்தார். நாம் கைதட்டினோம். பிறகு அந்தப் போட்டி நின்றது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் மட்டையைப் பிடித்தோம்?

அதனால்தான் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐயா, காசுள்ளவன் விளையாட்டு என்றீர்கள். தனி ஆளாக ஆடினால் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. தனிப் பயிற்றுநர், ஊர் ஊராகப் போட்டி, பெட்ரோல், விடுதி, நுழைவுக் கட்டணம் என்று பையன் பதினான்கு வயதைத் தொடுவதற்குள் அப்பாவின் சேமிப்பு கரைந்துவிடும். கரைந்ததும் அந்தப் பையன் ஆட்டத்தை விடுவான். இந்தக் கதை கிள்ளானிலேயே நடந்திருக்கிறது, இந்த மண்டபத்திலும் அந்தப் பெற்றோர் இருக்கக்கூடும். குழுவாக ஆடினால் கணக்கு மாறும். ஒரு பயிற்றுநருக்கு நான்கு பிள்ளைகள். ஒரு வேனில் நான்கு பிள்ளைகள். ஒருவன் வளர்ந்து விட்டுவைத்த மட்டை அடுத்தவனுக்கு. இன்று தோற்றவன் நாளை வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, மூன்று பேர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

நம் பெற்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லத்தான் வேண்டும். பிள்ளை எதைச் செய்தாலும், முதலிடமா என்று கேட்கிறோம். தேர்வில் முதலிடமா, பேச்சுப் போட்டியில் முதலிடமா, நடனத்தில் முதலிடமா? நான்காவது ஆளாக நின்று, பெஞ்சிலிருந்து நண்பனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்து, மூன்றாவது ஆட்டத்தில் இறங்கு என்றதும் இறங்கி ஜெயித்த பிள்ளையைப் பாராட்ட நம்மிடம் சொல்லே இல்லை. பூப்பந்து வீரர் பஞ்ச் குணாளனை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டும். 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 1974 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். ஆனால் 1971இல் அவர் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றது இரட்டையரில், இங் பூன் பீயோடு சேர்ந்து. தமிழர் ஒருவரும் சீனர் ஒருவரும் ஒருவரை ஒருவர் நம்பி ஆடிய ஆட்டம். பண்டமாரான் மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஒரே தெருவில் கோயிலும் இருக்கிறது, பக்கத்தில் பா குத் தே கடையும் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வலைக்கு ஒரே பக்கத்தில் நிற்கட்டுமே!

தாய்மார்கள் கேட்பீர்கள், ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்று. இல்லை அம்மா. இன்றைய தலைப்பு ஆண்கள் குழு என்பதால் அதைப் பேசினேன். பெண்கள் குழுப் போட்டியும் இதே மூன்று ஆட்டமாகத்தான் நடந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல தாமான்களில் டென்னிஸ் களங்கள் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது இப்போது பிரபலமான பிக்கல்பால் ஆடக் கோடு மாற்றிப் போட்டுவிட்டார்கள். பிக்கல்பாலும் நல்ல ஆட்டம்தான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாரத்தில் ஒரு காலை, சனிக்கிழமையோ ஞாயிறோ, ஒரு களத்தையாவது பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி உங்கள் குடியிருப்பாளர் சங்கத்திலும் நகராண்மைக்காரர்களிடமும் கேளுங்கள். தனியாக ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுக்காதீர்கள். நான்கு பெயராகக் கொடுங்கள். ஒரு தாமானுக்கு நான்கு பேர், பக்கத்துத் தாமானுக்கு நான்கு பேர், இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். அவ்வளவு போதும், போட்டி நடத்திவிடலாம். வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது உங்கள் தெருவின் நான்கு பெயர்களை அதில் எழுதிவிட்டுப் போங்கள். கேட்ட பெரியவர் முதலில் எழுதட்டும்.